ரிச்சி தெருவில் ஒரு ஸ்டாம்ப்

அண்ணா சாலைப் பக்கமிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால், முதல் பத்தடிக்குள் நம்மை எடை போட்டு விடுகிறார்கள். தோளில் கனமான பை தொங்கினால் லேப்டாப் ரிப்பேர். பச்சை நிற போர்டு ஒன்றைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி வந்தால் இன்ஜினீயரிங் கடைசி வருஷம், பிராஜெக்ட் சப்மிஷன் நாளைக்கு. என்னைப் போல மத்தியான வெயிலில் இன் பண்ணிய சட்டையோடு வந்தால் ஆபீசில் பெர்மிஷன் போட்டு வந்த ஆசாமி, அவசரத்தில் இருப்பான், பேரம் பேசத் தெரியாது.

"சார், லேப்டாப் சர்வீஸா? டிஸ்ப்ளே மாத்தணுமா? சி.சி.டி.வி. பாக்கறீங்களா?"

"மெமரி கார்டு."

அவ்வளவுதான். கேட்டவர் சுவாரசியம் இழந்து எனக்குப் பின்னால் வந்தவரிடம் போய்விட்டார். தபால்தலை சைஸில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வாங்க வந்தவனிடம் என்ன கமிஷன் தேறும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கோ அந்தத் தபால்தலைதான் பத்து வருஷத்துக் கணக்கு. அதைச் சொல்வதற்கு முன் தெருவைச் சொல்லி விடுகிறேன்.

ரிச்சி தெரு என்பது இப்போது ஒரு தெருவின் பெயர் இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாவற்றையும் சேர்த்து ஜனங்கள் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்றுதான் சொல்கிறார்கள். ரேடியோ உதிரிபாகத்தில் ஆரம்பித்த ஏரியா. அப்புறம் டி.வி., டேப்ரெக்கார்டர், டெக், கம்ப்யூட்டர், செல்போன் என்று, வீடுகளுக்குள் என்ன புதிதாக நுழைந்ததோ அதன் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் விற்றார்கள். இப்போதும் ஒரு கடையில் பத்து ரூபாய் கெப்பாசிட்டரும் பக்கத்துக் கடையில் லட்ச ரூபாய் கம்ப்யூட்டரும் கிடைக்கும். இரண்டு கடைக்கும் சேர்த்து நிற்க இடம் நாலடி. அந்த நாலடியிலும் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, சாவியோடு காணாமல் போயிருப்பார். ஈயம் பற்றவைக்கிற புகை, டீ, போன மழையின் மிச்சம் மூன்றும் கலந்து ஒரு வாசனை வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து விட்டாலும் கண்டுபிடித்து விடலாம்.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். இதே மீரான் சாகிப் தெருவில்தான் ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் ஆபீஸ்கள் வரிசையாக இருந்தன. ரிலீஸ் தேதியில் தகரப் பெட்டிகளில் ஃபிலிம் சுருள்கள் ஊர் ஊராகக் கிளம்பிப் போகும். பெட்டி வந்ததா என்று தியேட்டர்காரர் பஸ் ஸ்டாண்டில் நகம் கடித்துக்கொண்டு நிற்பார். இப்போது முழுப் படத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். போடுகிற சாமான் அதே தெருவில் கிடைக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

2015-ல் அப்பாவுக்கு சஷ்டியப்த பூர்த்தி. மணிவிழா. திருக்கடையூரில் செய்வது என்று குடும்பம் முடிவு செய்தது. எமனை சிவபெருமான் உதைத்த ஸ்தலம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் இருக்கிறது. எந்த நாள் போனாலும் நாலைந்து தம்பதிகளாவது மாலையும் கழுத்துமாக, பேரன் பேத்தி புடைசூழ, வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி கல்யாணம் செய்துகொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் மாப்பிள்ளைகளின் சராசரி வயது எழுபதை நெருங்கும் ஊர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

போட்டோகிராபருக்கு உள்ளூரில் கேட்ட ரேட்டைக் கேட்டதும் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். "எதுக்கு தண்டச் செலவு? நானே எடுக்கறேன்" என்றேன். அப்போதுதான் போனஸில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன், பதினெட்டு மெகாபிக்ஸல். கார்டு மட்டும் சின்னது. கடையில் 64 ஜி.பி. கார்டு விலை ஆயிரத்தைந்நூறுக்குக் குறையவில்லை. ரயில் நிலைய வாசல் ஒன்றில், நடைபாதையில் விரித்திருந்த கடையில் அதே 64 ஜி.பி. நானூற்றைம்பது. பேர் பெற்ற கம்பெனியின் பெயர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அச்சாகியிருந்தது. பேரம் பேசி நானூறுக்கு முடித்தேன். அந்தக் கடைக்காரர் என்னை வாழ்த்தி அனுப்பியது இன்னும் காதில் இருக்கிறது.

64 ஜி.பி. இருக்கிற தைரியம் என்ன செய்யும் தெரியுமா? முப்பத்தாறு ஃபிரேம் ஃபிலிம் ரோல் காலத்தில் எங்கள் சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கே இரண்டு ரோலுக்கு மேல் போட மாட்டார். "எல்லாரும் நெருங்கி நில்லுங்க" என்பார். நெருக்கத்துக்குக் காரணம் பாசம் இல்லை, ஃபிலிம் விலை. நான் கேமராவை எடுத்த நிமிஷம் முதல் தொடர்ந்து சுட ஆரம்பித்தேன். வேன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தது, வைத்தீஸ்வரன்கோவில் டீக்கடை, கோபுரம், கோபுரத்தில் புறா, அத்தை தூங்கியது, அத்தை விழித்துக்கொண்டு என்னைத் திட்டியது. மறுநாள் காலை கோ பூஜை, கஜ பூஜை. யானையை மட்டும் நூறு படம் எடுத்திருப்பேன், அதிலும் பாதி கால் மட்டும்.

அதற்கப்புறம்தான் விசேஷம். ஹோமம் முடிந்து, கலசத் தீர்த்தத்தை உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக அப்பா அம்மா தலையில் ஊற்றினார்கள். பெரியப்பா முறை வந்தது. எங்கள் பெரியப்பா சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. மளிகைக் கடைக் கல்லாவில் நாற்பது வருஷம் உட்கார்ந்ததில் அந்தத் தசைகள் மறந்து விட்டன என்று அம்மா சொல்வாள். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று கைத்தடியை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு, குடத்தை வாங்கி, தம்பி தலையில் கவிழ்த்தார். "கிணத்தடில ஊத்தினா அழுவியேடா... இப்ப அழு பாப்போம்!" என்று சொல்லி, வாய் நிறையச் சிரித்தார். அப்பா நிஜமாகவே அழுதார். நான் விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். எடுத்த ஒவ்வொன்றும் பின்னால் திரையில் மின்னியது. தெளிவாக, பளிச்சென்று.

சென்னை வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். ஆயிரத்துச் சொச்சம் படங்கள் திறந்தன. டயர், புறா, அத்தை, யானைக்கால். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, எத்தனை எம்.பி. என்பதுகூட இருக்கிறது. திறந்தால் சாம்பல் நிறக் கட்டம்.

மூன்று மாதத்தில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிசு பண்ணி மாலை போட்டார்கள். அதில் அவர் தேர்தல் ஆணையத்தின் மேலேயே கோபமாக இருக்கிற மாதிரி இருப்பார்.

இந்த வருஷம் அப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தி. மறுபடி திருக்கடையூர். "இந்தத் தடவை போட்டோகிராபர் வெச்சுடலாம்டா" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை. "வெச்சுக்கலாம்பா. நானும் எடுக்கறேன்" என்றேன். அதனால்தான் பெர்மிஷன், ரிச்சி தெரு, மத்தியான வெயில்.

ஆபீஸ் நண்பன் சொன்ன கடை, மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பாய்க்கு அறுபது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி. பின்னால் அடுக்கடுக்காக அட்டைகள். நான் கேட்டதும் எடுத்து நீட்டவில்லை, அதுவே பிடித்திருந்தது.

"என்ன கேமரா தம்பி? படமா, வீடியோவா?"

"ரெண்டும் பாய். இருபத்து நாலு மெகாபிக்ஸல். 128 ஜி.பி. ஒண்ணு குடுங்க, நல்ல ஸ்பீடா."

"ஸ்பீடுன்னா எது ஸ்பீடு?"

முழித்தேன். அட்டை ஒன்றை எடுத்து வைத்து பாடம் ஆரம்பித்தார். அட்டையில் கொட்டை எழுத்தில் 200, 170 என்று போட்டிருக்கிறதே, அது பெரும்பாலும் படிக்கிற வேகம். அதாவது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணும்போது. கேமராவுக்கு வேண்டியது எழுதுகிற வேகம். அது குறைவாக இருக்கும், பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. அதற்குப் பதில் மூலையில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். 'சி' என்ற எழுத்துக்குள் 10 இருந்தால், என்ன ஆனாலும் விநாடிக்குப் பத்து எம்.பி.க்குக் குறையாமல் எழுதும் என்று உத்தரவாதம். 'யு' என்ற எழுத்துக்குள் 3 என்றால் முப்பது. 'வி 30' என்றாலும் முப்பதுதான். 'வி 60', 'வி 90' எல்லாம் சினிமாக்காரர்கள் சமாசாரம். 'ஏ1', 'ஏ2' என்று போட்டிருந்தால் அது செல்போனில் ஆப் ஓட்டுகிறவர்களுக்கு, கேமராவுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

"கேமரா உள்ள ஒரு வெயிட்டிங் ரூம் இருக்குன்னு வெச்சுக்க. நீ படபடன்னு எடுத்தா எல்லாம் அங்க போய் உக்காரும். கார்டு ஒவ்வொண்ணா கூப்பிட்டு உள்ள அனுப்பும். கார்டு ஸ்லோவா இருந்தா ரூம் ரொம்பிடும். அப்புறம் நீ பட்டன அமுக்கினாலும் கேமரா 'இருப்பா'ன்னு நிக்கும். அந்த நேரம் பாத்து தாலி கட்டிடுவாங்க."

எங்கள் முனிசிபல் ஆபீஸ் கவுன்ட்டர் ஞாபகத்துக்கு வந்தது.

4கே வீடியோவுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார். விநாடிக்கு நூறு மெகாபிட் என்றால் பன்னிரண்டரை மெகாபைட். ஆக, 'வி 30' தாராளம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. போய்விடும். சொந்தக்காரப் பையன் யாராவது நாதஸ்வரத்தை முழுசாக எடுக்கிறேன் என்று கிளம்பினால் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

முதுகில் இரண்டு வரிசை தங்கப் பல் இருக்கிற விலை உயர்ந்த கார்டு ஒன்றையும் காட்டினார். அது யு.எச்.எஸ். இரண்டாம் ரகம். என் கேமராவின் பள்ளத்தில் ஒரே வரிசைதான். போட்டால் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்திலேயே செய்யும். "உன் கேமராவுக்கு இது வேணாம், துட்டு வேஸ்ட்" என்று உள்ளே வைத்துவிட்டார். ரிச்சி தெருவில் ஒரு வியாபாரி விலை அதிகமான சரக்கை உள்ளே வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இந்தக் கார்டுகளின் ஜாதகத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் இருந்த ஃபுஜியோ மசுவோகா, 1980-களில். ஒரே வீச்சில் அழிக்கிற வேகம் கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்கிறதே என்று கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொல்ல, அதுவே பெயராகி விட்டது. கேமராவிலிருந்து பெயர் வாங்கிய சாமான் கடைசியில் கேமராவுக்குள்ளேயே குடியேறியது! கார்டுகளால் பிரபலமான சான்டிஸ்க் கம்பெனியை 1988-ல் ஆரம்பித்த மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. காம்பாக்ட் ஃப்ளாஷ், ஸ்மார்ட் மீடியா, மெமரி ஸ்டிக், எக்ஸ்.டி. என்று கம்பெனிக்கு ஒரு ஜாதியாக இருந்த காலம் உண்டு. 1999-ல் சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்.டி. கார்டைக் கொண்டுவந்தார்கள். அதுதான் கடைசியில் ஜெயித்தது. எஸ்.டி.யிலேயே இரண்டு ஜி.பி. வரை ஒரு வகை, முப்பத்திரண்டு வரை எச்.சி., அதற்கு மேல் இரண்டு டெராபைட் வரை எக்ஸ்.சி. பழைய கேமராவில் புது எக்ஸ்.சி. கார்டைச் செருகிவிட்டு 'கார்டு டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கேமராவின் அட்டைப் புத்தகத்தைப் பாருங்கள்.

டூப்ளிகேட் என்றதும் பர்ஸைத் திறந்து பத்து வருஷமாக வைத்திருந்த அந்த நானூறு ரூபாய் கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

பாய் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுல இருக்கறது வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"ரெண்டு இடத்துல இருக்கு பாய்."

பழைய லேப்டாப்பில் செருகி ஒரு டெஸ்ட் புரோகிராமை ஓட்டினார். கார்டு முழுக்க எதையோ எழுதி நிரப்பி, மறுபடி படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிற புரோகிராம். இலவசமாகவே கிடைக்கிறது. ஏழு ஜி.பி. சொச்சம் வரை சரி. மிச்சம் காணவில்லை என்று வந்தது.

"எட்டு ஜி.பி. கார்டு தம்பி. உள்ள இருக்கற கன்ட்ரோலர் சிப்ல மட்டும் அறுபத்து நாலுன்னு பொய் சொல்ல வெச்சிருக்கான்."

"ஆனா பாய், ஃபைல் பேரெல்லாம் வந்துச்சே?"

"பேரெல்லாம் கார்டோட ஆரம்பத்துல எழுதறது. அது நிஜமான எடம். படம் போய் உக்கார வேண்டிய எடம்தான் இல்ல."

இது பி.காம். படித்தவனுக்கு ஒரே விநாடியில் புரிந்தது. பேரேட்டில் பதிவு இருக்கிறது, கிடங்கில் சரக்கு இல்லை. ஆடிட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எடுத்த உடனே கேமரா திரையில் மின்னியதை நம்பினேனே, அது கேமரா தன் சொந்த ஞாபகத்திலிருந்து காட்டியது. கார்டிலிருந்து இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து பிளே பட்டனை ஒரு தடவை அழுத்தியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பெரியப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடியாவது, என் பட்டனுக்காக இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கலாம்.

"ரெகவரி பண்ண முடியுமா பாய்?" பத்து வருஷம் கழித்தும் கேட்டுவிட்டேன்.

"தெரியாம அழிச்சது, ஃபார்மேட் பண்ணது எல்லாம் பெரும்பாலும் வரும். அழிச்சா லிஸ்ட்லேந்துதான் போகும், படம் அங்கயேதான் இருக்கும். அதுக்கு மேல வேற படம் எடுக்காம உடனே கார்டைக் கழட்டி வெச்சுடணும். ஆனா இது அழியல தம்பி. எழுதவே இல்ல."

டீ சொன்னார். அந்த டீக்கு மட்டும் அவர் என்னிடம் காசு வாங்கவில்லை.

கடைசியில் வாங்கியது 128 ஒன்று அல்ல, 64 இரண்டு. என் கேமராவில் இரண்டு கார்டு போட இடம் இருக்கிறது. ஒரே படத்தை இரண்டிலும் எழுதும்படி வைத்துக்கொள்ளலாம். நான் அந்த வசதியை வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. இரண்டாவது பள்ளம் இல்லாதவர்கள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம், போனாலும் பாதிதான் போகும். பில் போட்ட பிறகு இரண்டையும் பாய் டெஸ்டில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் அரை மணி. ஆபீஸ் பெர்மிஷன் அரை நாள் லீவாக மாறியது. லேப்டாப் 59.6 ஜி.பி. என்று காட்டியபோது துள்ளிக் குதித்தேன், "பாய், நாலரை ஜி.பி. குறையுது!" கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது, இது டூப்ளிகேட் இல்லை என்று சமாதானப்படுத்தினார். டி.டி.எஸ். பிடித்தம் என்று நினைத்து மனதை ஆற்றிக்கொண்டேன்.

கிளம்பும்போது பழைய கார்டைக் கையில் கொடுத்தார். "தூக்கிப் போடாத. எட்டு ஜி.பி.யா வெச்சு பார்ட்டிஷன் போட்டுத் தரேன், பாட்டு கேக்க யூஸ் பண்ணு." வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திருக்கடையூரில் எதுவும் மாறவில்லை. ஊர் இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது, 2020-ல் பிரித்தார்கள். அவ்வளவுதான். போட்டோகிராபர் தம்பி நல்ல பையன், என் கேமராவைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றான். கார்டுகளைப் போட்டு கேமராவிலேயே ஃபார்மேட் செய்தேன். கார்டின் பக்கவாட்டில் இருக்கிற பூட்டு நகர்ந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இருபது படத்துக்கு ஒரு தடவை நின்று பிளே பட்டனை அழுத்தினேன். "என்னடா, எடுக்கறதை விட்டுட்டு படம் பாத்துண்டு நிக்கற?" என்று அத்தை கேட்டாள். அத்தைக்கு எழுபத்தெட்டு ஆகிறது, குரல் அப்படியேதான் இருக்கிறது.

கலசத் தீர்த்தம் ஊற்றும்போது பெரியப்பா இடத்தில் அவர் பையன் வந்தான். மளிகைக் கடையில் இப்போது அவன்தான். குடத்தை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, பவ்யமாக ஊற்றினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "டேய், கவுத்துடா!" அவன் கவிழ்த்தான்.

ராத்திரி லாட்ஜில் அவசர அவசரமாக லேப்டாப்பில் காப்பி எடுத்து, தங்கையின் பென் டிரைவில் இன்னொரு காப்பியும் எடுத்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பிறகு, "பழசு இருக்கா இதுல? 2015?" என்றார்.

திறந்தேன். டயர், புறா, அத்தை, யானை. யானைக்கால் படங்களைக் கடகடவென்று தள்ளிக்கொண்டே போனவனை, "நில்லு... முந்தினது" என்றார். யானையின் முன்னங்கால்தான் படம். வலது ஓரத்தில், ஃபிரேமுக்குள் தெரியாமல் வந்து விழுந்த ஒரு கை. கையில் உரித்த வாழைப்பழம், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, கட்டை விரல் நகத்தில் மளிகைக் கடைத் தராசு விழுந்து கறுத்த பழைய தழும்பு.

எத்தனை தடவை பார்த்திருப்பேன் அந்தப் படத்தை. யானையைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இதைப் பெரிசா போட்டுக் கொண்டா" என்றார் அப்பா.